திங்கள் வீட்டு வண்டி

நடுவக்கரைக்கு வந்து கைலாசம் பிள்ளை வீடு எது என்று யாரும் கேட்பதில்லை. திங்கள் வீடு எது என்றுதான் கேட்பார்கள். ஆற்றில் துணி வெளுத்துக்கொண்டிருப்பவர்கூட நிமிராமலே கையை நீட்டிக் காட்டுவார். தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்களில் நிலமும் பேரும் உள்ள சைவ வீடுகள் எத்தனையோ உண்டு. கிழமையின் பேரால் விளங்கிய வீடு அது ஒன்றுதான்.

காரணம் இது. கைலாசம் பிள்ளையின் பாட்டனார் ஒரு கார்த்திகைச் சோமவாரத்தன்று, தாம் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருந்துகொண்டு, தோட்டத்துக் கமலையில் விடிந்தது முதல் மாட்டைக் கட்டி இறைக்க வைத்தார். உச்சி வெயிலில் ஒரு செவலைக் காளை கமலைச் சரிவில் முன்னங்காலை மடக்கி விழுந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கோவிலுக்குப் போனவர் நந்தியைத் தாண்டி உள்ளே போகமாட்டாமல் அங்கேயே நின்றுவிட்டார். "இனிமேல் இந்த வீட்டுக் காரியமாகத் திங்கட்கிழமையில் எந்த மாட்டுக் கழுத்திலும் நுகம் ஏறாது" என்று நந்தியின் காதில் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

அவர் சொன்னதை அவர் மகன் காத்தார். மகனுடைய மகன் கைலாசம் பிள்ளையும் காத்தார். கால்வாயில் தண்ணீர் நிற்கப்போகிறது, இன்றைக்கு உழாவிட்டால் நாற்று போச்சு என்று ஊரே வயலில் இறங்கி நின்ற திங்கட்கிழமைகளிலும் அந்த வீட்டு ஏர் சுவரில் சாய்ந்தே நின்றது. மாட்டுக்கு ஓய்வு என்றால் மாட்டை ஓட்டுகிறவனுக்கும் ஓய்வு. ஏர்க்காரன் மந்திரமூர்த்திக்குத் திங்கட்கிழமைக் கூலி வீட்டுக்குப் போய்விடும், ஆள் வரவேண்டியதில்லை. அன்றைக்குத் தொழுவத்தைக் கூட்டுவதும் வைக்கோல் பிடுங்கிப் போடுவதும் கைலாசம் பிள்ளைதான். ஊரில் எவன் வீட்டு வாசலிலும் முதுகு வளையாத மனிதர், திங்கட்கிழமை காலையில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சாணி அள்ளுவார். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முன்னால் யாரும் சிரித்ததில்லை.

அவருக்கு ஒரே மகள், ஆவுடைத்தாய். நடக்கத் தெரிந்த நாள் முதல் திங்கட்கிழமைகளில் அப்பா பின்னாலேயே தொழுவத்துக்குப் போவாள். அரிசி கழுவின கழுநீரைச் சின்னச் செம்பில் எடுத்துப் போய்த் தொட்டியில் ஊற்றுவாள். காளைகள் மயிலையும் செவலையும் மூஞ்சியைத் தொட்டியில் விட்டு உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பாள். வளர்ந்து பெரிய பெண்ணான பிறகும் அது நிற்கவில்லை.

மகன் இல்லை என்று கைலாசம் பிள்ளை எந்நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நிலம் மகளுக்குப் போகும், வீடு மகளுக்குப் போகும். திங்கட்கிழமை யாருக்குப் போகும்? அந்தக் கேள்வி மட்டும் தொழுவத்தில் தனியாக நிற்கும்போது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். பெண் என்பவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். போகிற வீட்டில் ஏழு நாளும் ஏர் ஓடினால் பாட்டனார் சொன்ன சொல் தன்னோடு சரி.

அதனால்தான் பேச்சு வார்த்தையின்போது, வாயைத் திறந்து கேட்டு வழக்கமில்லாத அவர், ஒரு தரம் கேட்டார். மாப்பிள்ளையின் பேர் பாபநாசம்; தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, அடக்கமான பிள்ளை. அவனுடைய தகப்பனார் மேலமங்கலம் திருஞானசம்பந்தம் பிள்ளைதான் ஆள் வேறு மாதிரி. பன்னிரண்டு ஏர் வைத்து உழுகிற பெரிய பண்ணை. மீசையும் குரலும் அவருக்கு முன்னால் நடந்து வரும்.

"எங்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். திங்கக்கிழமை ஒருநாள் மாட்டுக்கு ஓய்வு. உங்க வீட்லயும் அதை நடத்தினா எனக்கு ஒரு நிம்மதி" என்றார் கைலாசம் பிள்ளை.

திருஞானசம்பந்தம் பிள்ளை வெற்றிலையை மென்றுகொண்டே சபையைப் பார்த்தார். "நகை போடுதீரு, சரி. பாத்திரம் தாரீரு, சரி. திங்கக்கிழமையையும் சீர்வரிசையில வச்சு அனுப்பப் போறீராக்கும்? அதை எந்தத் தாம்பாளத்துல வே வைப்பீரு?"

சபை சிரித்தது. கைலாசம் பிள்ளை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மாப்பிள்ளை நல்லவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பாக்கை எடுத்தார்.

கல்யாணம் ஆவணியில் பெண் வீட்டில் நடந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது ஐப்பசியில் என்று பேச்சு. நாள் பார்த்துச் சொல்லவேண்டியது மாப்பிள்ளை வீடு. மேலமங்கலத்திலிருந்து ஆள் வந்து சொன்ன நாள், திங்கட்கிழமை. சூரியன் உதித்த பிறகு, ராகு காலம் பிறக்குமுன், பெண் வாசற்படி மிதிக்க வேண்டும். மாப்பிள்ளை வீடு ஏறக்குறையப் பத்து மைல் மேற்கே. கைலாசம் பிள்ளை வேறு நாள் கேட்டு அனுப்பினார். "பொண்ணோட நட்சத்திரத்துக்கு இந்த மாசம் அது ஒண்ணுதான் நாள். மாட்டுக்காக நாளை மாத்தின சரித்திரம் எங்க வீட்ல கிடையாது" என்று பதில் வந்தது.

"ரெயில் இருக்கே?" என்றாள் பார்வதியம்மாள். அவர் மனைவி.

"ரெயில் அந்த ஊரு ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறதே ராகு காலத்துல. இறங்கி நடக்க ஒரு மைல் வேற. திங்கள் வீட்டுப் பொண்ணு கூடையைத் தூக்கிட்டு நடந்து வந்தான்னு மேலமங்கலத்துல பேசணுமாக்கும்?"

கடைசியில் அவர் மேலப்பாளையம் போனார். அங்கே முகம்மது சுல்தான் என்று ஒருவர் உண்டு. தறிச் சேலைகளை ஏற்றிக்கொண்டு வாரா வாரம் அம்பாசமுத்திரம் வரை போகிற வண்டிக்காரர். கைலாசம் பிள்ளைக்குப் பல வருஷப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் அவர் தாடியைத் தடவினார்.

"வண்டிக்கு என்ன அண்ணாச்சி, தாராளமாத் தாரேன். ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. திங்கக்கிழமை உங்க மாடு கால் நீட்டிப் படுத்துக் கெடக்கும். எம்மாடு உங்க பொண்ணை இழுக்கணும். உங்க நந்தி எம்மாட்டுக்கு மட்டும் உறவு இல்லையோ?"

கைலாசம் பிள்ளை கொஞ்ச நேரம் அந்த வண்டி மாடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த மாட்டுக் கழுத்திலும் என்றுதான் பாட்டனார் சொன்னார். நம் மாடு என்று சொல்லவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டார்.

ஆனால் வழி ஒன்று இருந்தது. கச்சேரிக் கணக்குக்கு நாள் நடு ராத்திரியில் பிறக்கலாம். பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரியன் உதிக்கும்போதுதான். திங்கட்கிழமை விடிகிற வரை ஞாயிற்றுக்கிழமையே. இருட்டோடு வண்டி கட்டிப் புறப்பட்டு, உதயத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டு வாசலில் போய் மாட்டை அவிழ்த்துவிட்டால் போதும். விடிந்ததும் பெண் வண்டியிலிருந்து இறங்கிப் படியேறிவிடலாம். நாளும் தவறாது, சொல்லும் தவறாது.

"அப்ப சாயங்காலமே புறப்பட்டுருவோம். முன்னக்கூட்டிப் போய் நின்னா என்ன கொறைஞ்சா போகும்?" என்றாள் பார்வதியம்மாள்.

"என் மக அவன் வீட்டுத் தெருவுல ராத்திரி பூரா காத்துக் கெடக்கணுமா? வண்டி போய் நிக்கவும் விடியவும் சரியா இருக்கணும்."

"மழைக்காலம். வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?"

"எனக்குத் தெரியும்."

அந்த வீட்டில் 'எனக்குத் தெரியும்' என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. பேசியிருக்கலாம். கிழக்கு வெளுப்பதற்கும் வண்டி போய் நிற்பதற்கும் நடுவில் அவர் விட்ட இடைவெளி, ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட இல்லை. கௌரவம் பார்த்துக் கணக்குப் போட்டவர் மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வில்வண்டியில் பின்பக்கம் திரைச்சீலைக்குள் மகளும் தாயாரும். முன்னால் கைலாசம் பிள்ளை. மந்திரமூர்த்தி ஓட்டினான். கால்வாய்க் கரைச் சாலையில் பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஓர் ஓடை. மலையில் பெய்த மழைத் தண்ணீர் சாலையை மறித்துப் பாய்ந்துகொண்டிருந்தது. காளைகள் காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. தண்ணீர் வடிகிற வரைக்கும் நிற்க வேண்டியதாயிற்று. பார்வதியம்மாள் உள்ளே இருந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஓடையைத் தாண்டின பிறகு மந்திரமூர்த்தி வண்டியை விரட்டத்தான் பார்த்தான். "அடிக்காதலே, பைய விடு" என்றார் கைலாசம் பிள்ளை. நாளைக் காப்பாற்றுகிறேன் என்று மாட்டை அடித்தால் பாட்டனார் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மேலமங்கலத்துக் கோபுரம் தெரிந்தது. மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடுகளின் முகடு தெரிந்தது. அதற்கும் அப்பால், மேற்கே, பொதிகை மலை. அந்த மலையின் உச்சியில் மஞ்சள் தடவினாற்போல் வெளிச்சம் விழுந்தது.

மந்திரமூர்த்தி கயிற்றைத் தளர்த்தினான். எசமானைத் திரும்பிப் பார்த்தான். அவர் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மலைக்குத்தானே விடிஞ்சிருக்கு," என்றான் அவன், மெதுவாக. "அது உசரத்துல இருக்கு, அதுக்கு முந்தி விடியும். நமக்கு இன்னும் விடியலையே. இந்தா ஊரு வந்துட்டு."

உண்மைதான் என்று கைலாசம் பிள்ளைக்குத் தோன்றியது. மலைக்கு விடிந்தால் அது மலையின் திங்கட்கிழமை. வண்டி மேற்கு நோக்கிப் போகிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்? வாழ்நாளில் எந்த மனிதனுக்கும் முகத்தை மறைத்துக்கொள்ளாத அவர், அன்றைக்குச் சூரியனுக்கு முகம் காட்ட மறுத்தார். இன்னும் கொஞ்ச தூரம். மகள் இறங்கிப் படியேறிவிட்டால் போதும். இந்த ஒரு தரம். வெளிச்சம் மலைச் சரிவில் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் மயிலைக் காளையின் திமிலிலேயே கண்ணை வைத்திருந்தார்.

"அப்பா."

ஆவுடைத்தாயின் குரல். வண்டியின் பின்பக்கம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"விடிஞ்சிட்டுப்பா. நான் பாத்துட்டேன்."

கைலாசம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆத்துக்கு அங்கிட்டு முழுசா வந்துட்டு. மாட்டை அவுத்துருங்கப்பா. பாவம், அதுகளுக்குத் திங்கக்கிழமை வந்துட்டு."

அந்தக் குரலில் குற்றம் சொல்வது இல்லை. சின்ன வயதில், 'அப்பா, தொட்டியில தண்ணி தீந்துட்டு' என்று சொல்வாளே, அதே குரல். அவர் மகளுக்காகச் சொல்லை விடப் பார்த்தார். மகள் அவருக்காக அதைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் திங்கட்கிழமை யாருக்குப் போகும் என்று இத்தனை வருஷம் தொழுவத்தில் நின்று கவலைப்பட்டேனே என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள மேல்துண்டு கையில் இருந்தும் துடைத்துக்கொள்ளவில்லை. மந்திரமூர்த்தி பார்ப்பான்.

"நிறுத்துலே. அவிழ்த்துவிடு."

பூட்டாங்கயிறு கழன்றது. மயிலையும் செவலையும் நுகத்துக்கு வெளியே வந்து சாலையோரத்துப் புல்லில் மூஞ்சியை வைத்தன. வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி நின்றது.

"நான் நடந்து வாரேன்ப்பா. கொஞ்ச தூரந்தானே" என்றாள் மகள்.

"நீ இறங்கப்படாது."

பார்வதியம்மாள் இறங்கினாள். "நான் கெழவி, நான் நடந்தா யாரும் பேச மாட்டாக" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தவள் ஒதுங்கி நின்றாள்.

கைலாசம் பிள்ளை மேல்துண்டை எடுத்து நான்காக மடித்தார். தோளில் வைத்தார். வளைந்து நுகத்தடியின் ஒரு பக்கத்தைத் தூக்கி அதன் மேல் ஏற்றினார்.

மந்திரமூர்த்தி பதறிப்போய் ஓடிவந்தான். "ஐயா! என்ன காரியம் செய்யுதீக! விடுங்க, நான் இழுத்துட்டுப் போறேன்!"

"உனக்கும் திங்கக்கிழமைதாம்லே. நீ மாட்டைப் பிடிச்சுட்டு வா."

ஒரு பக்கம் தூக்கினால் வண்டி கோணிக்கொண்டு மறுபக்கம் இழுத்தது. இரண்டு மாட்டுக்குப் பண்ணின நுகம். நாலடி இழுப்பதற்குள் சக்கரம் சாலையை விட்டு இறங்கப் பார்த்தது. அந்தச் சமயத்தில்தான், வண்டியைக் காணவில்லையே என்று தேடிக்கொண்டு எதிரே இரண்டு பேர் வந்தார்கள். குடையும் மீசையுமாகத் திருஞானசம்பந்தம் பிள்ளை. பின்னால் மாப்பிள்ளை பாபநாசம், கையில் கடிகாரத்தோடு.

சம்பந்தி அப்படியே நின்றுவிட்டார். "என்ன வே இது கோலம்?"

"விடிஞ்சிட்டு" என்றார் கைலாசம் பிள்ளை, நுகத்தை இறக்காமலே.

"விடிஞ்சது எனக்குந் தெரியும். மாடு அங்கன நின்னு புல்லு மேயுது, நீரு இங்கன நின்னு வண்டி இழுக்கீரு! ஊரு பாத்தா என்னவே சொல்லும்?"

"ஊரு பாக்கதுக்குள்ள போயிருவோம்."

"இரும், என் மாட்டை ஓட்டிட்டு வரச் சொல்லுதேன்."

"எந்த மாடும் கூடாது. இது என் வீட்டு வண்டி. உங்க படியை மிதிக்கிற வரைக்கும் அவ என் வீட்டுப் பொண்ணு."

"அப்பா, நேரம் ஆகுது" என்றான் பாபநாசம், கடிகாரத்தைப் பார்த்து. "ராகு காலம் பிறக்க ரொம்ப நேரம் இல்ல." சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நுகத்தின் மறுபக்கத்துக்கு வந்தான்.

"மாப்பிள்ளை!" கைலாசம் பிள்ளை போட்ட சத்தத்தில் புல் மேய்ந்த செவலை தலையைத் தூக்கியது. "நீங்க நுகத்துல கை வைக்கப்படாது. மாப்பிள்ளையை வண்டி இழுக்க வச்சவன்னு பேரு எடுக்கதுக்கு நான் பொண்ணை வீட்லயே வச்சுக்குவேன்."

"அப்ப மருமகளை நடக்கச் சொல்லும்" என்றார் சம்பந்தி. சொன்ன உடனே அவருக்கே அது சரிப்படவில்லை. தன் வீட்டு மருமகள் முதல் நாள் தெருப் புழுதியில் கால் வைத்து வந்தாள் என்றால் மேலமங்கலம் அதை மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிக்கும். ஆளைக் கூப்பிடலாம் என்றால் எல்லாரும் வயலுக்குப் போயாகிவிட்டது. கூப்பிட்டால் ஊர் முழுக்க வந்துவிடும். அவர் மாடுகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மந்திரமூர்த்தியைப் பார்த்தார். பிறகு பார்ப்பதற்கு யாரும் மீதி இல்லை.

குடையைப் பார்வதியம்மாளிடம் நீட்டினார். "பிடியும், சம்பந்தியம்மா."

மேல்துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு நுகத்தின் மறுபக்கத்துக்குப் போனார். "இது ஒரு குடும்பம், இதுக்கு ஒரு நேர்ச்சை" என்று முனகிக்கொண்டே தூக்கி ஏற்றினார்.

"இடது கால்" என்றார் கைலாசம் பிள்ளை.

"எனக்குச் சொல்லித் தாரீரா?"

வண்டி நகர்ந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார்கள். ஒருத்தர் களைத்ததை இன்னொருத்தர் பார்த்துவிடக் கூடாது. நிற்கலாமா என்று கேட்கிற வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

"என்ன பாரம் வே" என்றார் சம்பந்தி கடைசியில். "உம்ம பொண்ணு என்ன, கருங்கல்லையா முடிஞ்சு கொண்டு வாரா?"

"பாரம் பொண்ணு இல்ல. நுகம்."

திருஞானசம்பந்தம் பிள்ளை கழுத்தடியில் மரம் அழுந்தின இடத்தைத் துண்டை நகர்த்திச் சரி செய்துகொண்டார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நகர்த்தினார். இந்த மரம் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழுகிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தவர் போல் இருந்தது.

கால்வாய்ப் பாலத்து ஏற்றம் வந்தது. இதில் மாட்டிக்கொண்டோம் என்று கைலாசம் பிள்ளை பல்லைக் கடித்தார். ஆனால் வண்டி பூப்போல ஏறியது. கிழவனுக்கு என்ன பலம் என்று சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். சம்பந்தியும் அதே மாதிரி அவரைப் பார்த்தார்.

பின்னால் நடந்தது என்ன என்று ஆவுடைத்தாய் வெகுநாள் கழித்துத்தான் அப்பாவிடம் சொன்னாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பாபநாசம் இரண்டு கையையும் வண்டியில் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தானாம். அவள் பயந்துபோய், "அப்பா பாத்தா வைவாக" என்றாளாம். "நுகத்துல கை வைக்கப்படாதுன்னுதானே சொன்னாக? இது நுகம் இல்லையே" என்றானாம். கல்யாணம் ஆன பிறகு அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசின முதல் பேச்சு அது.

மாடுகள் இரண்டும் வண்டிக்குப் பின்னால் அசை போட்டுக்கொண்டு நடந்து வந்தன. மந்திரமூர்த்தி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிறவன் போல வந்தான்.

ராகு காலம் பிறக்குமுன் பெண் படி ஏறினாள். ஆரத்தி எடுத்த பெண்கள், வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்ற இரண்டு பெரியவர்களையும் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்கள். கைலாசம் பிள்ளை மகளிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கூட்டி வைத்திருந்த புத்திமதி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "வாரேம்மா" என்றார். அவள் அவர் தோளில் துண்டு மடிப்பின் கீழே சிவந்திருந்த இடத்தைப் பார்த்தாள். கையை நீட்டி அதை ஒரு தரம் தொட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவரும் மனைவியும் ரெயிலில் ஊர் திரும்பினார்கள். மாடுகள் மேலமங்கலத்துத் தொழுவத்தில் படுத்திருந்து, செவ்வாய்க்கிழமை காலையில்தான் மந்திரமூர்த்தியோடு வண்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தன.

அடுத்த வாரம் முகம்மது சுல்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து திரும்புகிற வழியில் நடுவக்கரையில் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை மேலமங்கலம் வழியா வந்தேன். உழவு நேரம். உங்க சம்பந்தி வயல்ல ஒத்த ஏர் இல்ல."

கைலாசம் பிள்ளை நிமிர்ந்தார். "ஏனாம்?"

"கேட்டேன். தோள்பட்டை வலி, வயல்ல போய் நிக்க முடியல, நான் நிக்காம எவன் ஒழுங்கா உழுவான்னாக. அதான் ஏர் பூட்டல."

அதற்கடுத்த வாரம், சேறு சரியில்லை என்று சொன்னதாகச் சேதி வந்தது. அதற்கடுத்த வாரம், ஏர்க் கொழுவெல்லாம் மழுங்கிப்போய்க் கொல்லன் பட்டறைக்குப் போயிருக்கிறது என்று. "பன்னெண்டு கொழுவும் ஒரே நாள்லயா மழுங்கும் அண்ணாச்சி? அதுவும் கரெக்டாத் திங்கக்கிழமை பாத்து?" என்று சுல்தான் வண்டியில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். கைலாசம் பிள்ளை முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டார். அவர் உள்ளே போன பிறகு, வெகுநேரம் தொழுவத்திலிருந்து வரவில்லை என்று பார்வதியம்மாள் சொல்வாள்.

தைப் பொங்கலுக்கு மகளுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோக வேண்டும். கைலாசம் பிள்ளை நாள் பார்க்கவில்லை. திங்கட்கிழமையாகப் பார்த்துப் புறப்பட்டார். ரெயிலில் போய் இறங்கி, மந்திரமூர்த்தியைக் கூப்பிடாமல், தானே சீர்க் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நடந்தார். ராகு காலம்தான். இருக்கட்டும் என்று நினைத்தார். முன்வாசலில் ஆள் இல்லை. பின்பக்கம் குரல் கேட்டது. சுற்றிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

மாடுகளெல்லாம் படுத்திருந்தன. நடுவில் திருஞானசம்பந்தம் பிள்ளை, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தலையிலும் மீசையிலும் வைக்கோல் துரும்போடு, ஒரு பெரிய அண்டாவைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அண்டா நிறையக் கழுநீர்.

இவரைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்தார். "வாரும், வாரும். மாட்டுக்காரப் பய எங்கயோ போயிட்டான். அவனுக்கு வயித்து வலியாம்."

"அப்படியா."

"போன வாரமும் வயித்து வலிதான்" என்றார் சம்பந்தி. மீசையிலிருந்த துரும்பைத் தட்டிவிட்டு, "திங்கக்கிழமை திங்கக்கிழமை அவனுக்கு வயித்த வலிக்கி" என்றார்.

கைலாசம் பிள்ளை கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டினார். குனிந்து அண்டாவின் மறுகாதைப் பிடித்தார்.

"இடது கால்" என்றார் திருஞானசம்பந்தம் பிள்ளை.

அடுப்படியின் பின்வாசலில், கையில் ஒரு சின்னச் செம்போடு, ஆவுடைத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.